ஈரம் அறிதல்

வளர்ச்சி என்றாலே விரைவு என்று பொருள் கொள்ளப் பழகிவிட்டோம். விதைத்த மூன்றாம் நாள் முளைக்க வேண்டும். நட்ட மூன்றாம் மாதம் காய்க்க வேண்டும். இல்லையேல் உரமிடுகிறோம். அதற்கும் அசையாவிட்டால் பிடுங்கி எறிகிறோம். இந்த அவசரத்திற்குச் சற்றும் பணியாத சிறு செடியொன்று எங்கள் இல்லத்தின் கிழக்குச் சாளரத்தில் ஆறாண்டுகளாக இருக்கிறது. வந்த நாளில் உள்ளங்கையில் அடங்கியது. இன்றும் ஏறத்தாழ அப்படியே அடங்குகிறது.

ஹவர்த்தியா என்பது அதன் பெயர். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதி அதன் தாயகம். அங்கே வறண்ட நிலத்துப் புதர்களின் நிழலில் தரையோடு தரையாக வாழ்கிறது. தடித்துக் கூர்மையான கரும்பச்சை இலைகள். அவற்றின் மேல் வெண்ணிற மணிகள் வரிவரியாய்ப் புடைத்திருப்பதால் வரிக்குதிரைச் செடி என்றும் அழைப்பர். ஏட்ரியன் ஹவர்த் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாரின் நினைவாக 1809இல் சூட்டப்பட்ட பெயர் அது. 2013இல் இவ்வகையைத் தனிப் பேரினமாகப் பிரித்து, ஹவர்த்தியாப்சிஸ் என்று புதுப்பெயரும் இட்டனர்.

எண்பதைக் கடந்த எங்கள் அம்மாவின் நாவில் இப்பெயர்கள் எதுவும் நிற்பதில்லை. "கத்தாழைக் குட்டி" என்றே அழைக்கிறார். அதில் பிழையொன்றும் இல்லை. சோற்றுக்கற்றாழைக்கு இது மெய்யாகவே உறவு. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயர்களைக் கைவிட்ட அம்மாவின் கண்கள் உறவைக் கைவிடவில்லை.

அம்மாவுக்கு மறதி தொடங்கி மூன்றாண்டுகள் ஆகின்றன. காலையில் உண்டதை நண்பகலில் மறக்கிறார். ஆயினும் செடிக்கு நீர் வார்க்க வேண்டும் என்பதை மறப்பதில்லை. வார்த்தாயிற்று என்பதைத்தான் மறக்கிறார். ஒரே காலையில் மூன்று முறை, நான்கு முறை தம்ளரும் கையுமாகச் சாளரத்தருகே வந்து நிற்பார். கொல்லையில் வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்த கை அது. வாழை எவ்வளவு வார்த்தாலும் ஏற்றுக்கொள்ளும். இந்தச் செடி அப்படியன்று. நீரின்றிச் சாவதைவிட நீர் மிகுந்து சாவதே இதன் இயல்பு. முதலில் மண்ணுக்குள் வேர் அழுகும். மேலே இலைகள் சில நாள் பசுமையாகவே தோன்றும். பிறகு ஒருநாள் தொட்டால் குழைந்து கையோடு வந்துவிடும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

"செடியை மாடியில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்" என்றனர் உறவினர். எளிய வழிதான். ஆனால் அடுப்பு அம்மாவின் கையைவிட்டுப் போயிற்று, சாவிக்கொத்து போயிற்று, தனியே கடைத்தெருவுக்குச் சென்று வருவதும் போயிற்று. ஒவ்வொன்றையும் அவருடைய நலன் கருதியே வாங்கிக்கொண்டோம். அவை தவிர்க்க முடியாதவை. எனினும், வாழ்நாளெல்லாம் பிறரைப் பேணிய ஒருவர் இனிப் பேணப்படுகிறவர் மட்டுமே என்று ஆகிவிட்டால், அவரிடம் எஞ்சுவது என்ன? செடியைக் காப்பதா, அதற்கு நீர் வார்க்கும் கையைக் காப்பதா என்பதே எங்கள் முன் நின்ற கேள்வி.

விடை செடியிடமே இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை என்று நாட்காட்டி பார்த்து இதற்கு நீர் வார்க்க இயலாது. காற்றில் ஈரம் நிறைந்த ஐப்பசி, கார்த்திகையில் மண் பல நாள் உலராது. பங்குனி வெயிலில் விரைவில் உலர்ந்துவிடும். மண் நன்றாக உலர்ந்த பின்னரே வார்க்க வேண்டும் என்பது ஒன்றே விதி. அதை அறிய நினைவாற்றல் தேவையில்லை. ஓர் ஈர்க்குச்சி போதும்.

அடியில் துளையுள்ள சிறு மண்தொட்டிக்குச் செடியை மாற்றினோம். செம்மண் ஒரு பங்கு, பருமணலும் உடைத்த செங்கல் துண்டுகளும் இரண்டு பங்கு. தொட்டியின் ஓரத்தில் அடிவரை இறங்குமாறு ஈர்க்குச்சி ஒன்றைச் செருகி வைத்தோம். அம்மா வருவார், குச்சியை உருவுவார், விரலால் தடவுவார். ஈரமண் ஒட்டியிருந்தால், "குடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தம்ளர் நீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவார். கால் மணி நேரம் கழித்து மீண்டும் வருவார். மீண்டும் அதே குச்சி, அதே விடை. அவர் மறந்ததை மண் நினைவில் வைத்திருந்தது. "இப்போதுதானே ஊற்றினீர்கள்" என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியம் முதியவர் முகத்தை எப்படிச் சுருங்கச் செய்யும் என்பதை, மறதியாளரோடு வாழ்கிறவர்கள் அறிவார்கள். குச்சியைப் பாராமலே அவர் ஊற்றிவிடும் நாள்களும் உண்டு. அன்று பருமணல் நீரை வடித்துவிடுகிறது.

இச்செடி இத்துணை மெல்ல வளர்வது ஏன்? பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உட்கொள்கின்றன. அவ்வழியே நீரையும் இழக்கின்றன. வறண்ட நிலத்துச் செடிக்கு அந்த இழப்பு தாங்காது. ஆகவே இது பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. அப்போது ஏற்கும் கரியமில வாயுவைப் புளிப்பான அமிலமாகச் சேமித்து, மறுநாள் கதவடைத்த வீட்டுக்குள் உணவாக்கிக்கொள்கிறது. இவ்வியல்பின் அடையாளத்தை முற்காலத்திலேயே குறித்தவர்களுள் ஒருவர், நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலையை மென்று பார்த்த அவர், காலையில் புளிப்பதையும் நண்பகலில் அப்புளிப்பு நீங்கியிருப்பதையும் கண்டார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1815இல் அது அச்சாயிற்று. இரவில் சேர்த்த சிறிதளவே பகலுக்குரிய முதல். அதற்குள் வாழ்ந்தாக வேண்டும் என்பதால் வளர்ச்சி மெதுவாகிறது. அதைச் சோம்பல் என்று சொல்லலாமா? இருப்பதைச் சிந்தாமல் வாழ்வதற்கு அச்செடி தரும் விலை அது.

அம்மாவின் நினைவு திரும்பும் என்று மருத்துவர் சொல்லவில்லை. நாங்களும் அதை எதிர்பார்த்து நாள்களை எண்ணவில்லை. ஈர்க்குச்சியை உருவிப் பார்க்கும் அந்த ஒரு கணத்தில் அவருக்கு நேற்றும் தேவையில்லை, நாளையும் தேவையில்லை. இன்று, இந்த மண், இந்த ஈரம் என்பதே போதுமானதாக இருக்கிறது. அக்கணத்தில் அவர் நோயாளி அல்லர். ஓர் உயிரின் காவலர்.

நீர்ப்பதத்தையும் நெஞ்சின் கனிவையும் 'ஈரம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது நம் தமிழ். வார்ப்பது மட்டுமே அன்பு என்று எண்ணி, கேளாமலே வார்த்துக்கொண்டிருக்கிறோம்: குழந்தைகளுக்கு அறிவுரையை, நோயுற்றோருக்கு உபசரிப்பை, முதியோருக்கு ஓய்வை. முதலில் தொட்டுப் பார்த்து, என்ன இருக்கிறது, என்ன வேண்டும் என்று அறிந்து, தேவையில்லாதபோது கையை மடக்கிக்கொள்வதும் அன்புதானே! அது வார்ப்பதைவிடக் கடினமானது. பிறர் கண்ணுக்கும் புலப்படாதது.

இவ்வாண்டு தாய்ச்செடியின் அடியில் நகக்கண் அளவில் இரண்டு கன்றுகள் தலைகாட்டியுள்ளன. சொந்தமாக வேர்விட்ட பின்னர் அவற்றைப் பிரித்து வேறு தொட்டியில் வைக்கலாம். அதற்கு இன்னும் நெடுநாள் ஆகும். அம்மா அவற்றை நாள்தோறும் புதிதாகக் கண்டுபிடித்து, நாள்தோறும் எங்களை அழைத்துக் காட்டுகிறார். நாங்களும் போய்ப் பார்க்கிறோம்.