பன்னிரண்டுக்கு முப்பத்தாறு, முந்நூறு, எஸ்ஆர்ஜிபி

தாராபுரம்–கரூர் சாலையில் பருத்தி ஏலத்துக்கும் குட்டை முருங்கைக்கும் பேர்போன ஊர் மூலனூர். இப்படிப்பட்ட சிறிய ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர் எல்லா வேலையும் செய்தாக வேண்டும்: கல்யாண ஆல்பம், காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், வங்கித் தேர்வு எழுதும் பிள்ளைக்கு விண்ணப்பப் படம், திருப்பூர் பனியன் கம்பெனியின் ஆன்லைன் கேட்லாக். எந்த வேலையாக இருந்தாலும் கடைசியில் கம்ப்யூட்டரில் ஒரே சிறிய சன்னல் வழியாகத்தான் வெளியேறும். அதன் பெயர் எக்ஸ்போர்ட்.

அளவு, ரெசல்யூஷன், கலர் ஸ்பேஸ், குவாலிட்டி என்று நான்கு கட்டங்கள். ஆல்பம் லேப்கள் கேட்பது பெரும்பாலும் 12×36 அங்குலம், 300 டிபிஐ, எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் 12. லைட்ரூமில் இதை ப்ரீசெட் என்று சேமிக்கிறார்கள், கேப்சர் ஒன்னில் ரெசிபி என்று. வேலை பழக வரும் பையன்கள் முதலில் மனப்பாடம் செய்வதும் இதைத்தான். இந்த எண்களை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

12×36-இன் கதை சினிமாவில் ஆரம்பிக்கிறது. 1890களின் தொடக்கத்தில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டிக்சன், ஈஸ்ட்மன் கம்பெனியின் 70 மி.மீ. ஃபிலிமை நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் பயன்படுத்தினார். 35 மி.மீ. ஃபிலிம் அப்படிப் பிறந்தது. அதில் சினிமாவின் ஒரு சட்டகம் 18×24 மி.மீ. ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னாக் அதே ஃபிலிமைப் படுக்கவைத்து ஓட்டி, சட்டகத்தை இரட்டிப்பாக்கி 24×36 மி.மீ. என்று ஆக்கினார். அவர் வடிவமைத்த லைகா கேமரா 1925-இல் சந்தைக்கு வந்தது. இரண்டுக்கு மூன்று என்ற அந்த விகிதம்தான் 4×6 பிரிண்டிலும், 12×18 ஆல்பம் பக்கத்திலும் இருக்கிறது. 12 அங்குல உருளைத் தாளில் 12×18 பக்கங்கள் இரண்டை நீளவாக்கில் ஒட்டினாற்போல் அச்சிட்டால் 12×36. பார்னாக் செய்த இரட்டிப்பை ஆல்பம் இன்னொரு முறை செய்கிறது.

இதில் தொழிலுக்குப் பயன்படும் கணக்கு ஒன்று உண்டு. 24 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 6000×4000 பிக்சல். 12×18 பக்கத்துக்கு 300 டிபிஐயில் 5400×3600 போதும் என்பதால் படம் அப்படியே பொருந்துகிறது. 12×36 முழுவதும் ஒரே படத்தைப் பரப்பினால் அகலத்துக்கு 10,800 பிக்சல் வேண்டும். கையில் இருப்பது 6000, அதாவது அங்குலத்துக்கு 167 புள்ளி.

அது போதுமா? இங்கேதான் 300 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி முக்கியமாகிறது.

கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை 1862-இல் டச்சு மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் உருவாக்கியது. சராசரிக் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்பது அதன் அடிப்படை. ஒரு அடி தூரத்தில், அதாவது சுமார் 30 செ.மீ.யில், அந்தக் கோணம் 0.087 மி.மீ. ஆகும். ஒரு அங்குலத்துக்குள் அப்படி 291 புள்ளிகள் அடங்கும். அச்சகங்களும் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. அங்குலத்துக்கு 150 வரி உள்ள ஸ்கிரீனில் அச்சிடும் படத்துக்கு அதன் இரு மடங்கு, 300 பிக்சல் என்பது அவர்கள் கணக்கு. 1984-இல் வந்த ஹெச்பி லேசர்ஜெட்டும் 300 புள்ளிதான். 1996-இல் ஃப்யூஜியின் ஃபிரான்டியர் டிஜிட்டல் மினிலேப் வந்தபோது கலர் லேபிலும் அந்த எண் நிலைத்துவிட்டது.

ஆகவே 300 என்பது ஒரு அடி தூரத்துக்கான எண். மடியில் விரித்த பெரிய ஆல்பத்தை இரண்டடி தள்ளிப் பார்க்கும்போது கண்ணுக்கு 146 புள்ளி போதும், 167 தாராளம். மண்டப வாசல் ஃப்ளெக்ஸைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறார்கள், அதற்கு 30 போதும். பத்துக்கு எட்டடி ஃப்ளெக்ஸை 300 டிபிஐயில் திறந்தால் 36,000×28,800 பிக்சல், நூறு கோடிக்கு மேல். போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது. கம்ப்யூட்டர் திணறித் திணறி நிற்பதற்கு மெஷினைக் குறை சொல்வதில் நியாயமில்லை, தூரத்தைக் கேட்காமல் போட்ட எண்தான் காரணம்.

மூன்றாவது கட்டம் எஸ்ஆர்ஜிபி. 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் முன்வைத்து, 1999-இல் சர்வதேசத் தரமானது. அன்றைய கண்ணாடிக் குழாய் மானிட்டர் எவ்வளவு நிறம் காட்டுமோ அவ்வளவுதான் அதன் எல்லை. அதில் வெள்ளை என்பது டி65 என்று குறிக்கப்படும் பகல் வெளிச்சத்தின் வெள்ளை.

டி65 என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திருப்பூர் வட்டாரத்தில் சாயப்பட்டறை வேலை தெரிந்த எவருக்கும் பழகிய பெயர் அது. லேப் டிப் எனப்படும் சாயமிட்ட மாதிரித் துணியை லைட் பாக்ஸில் வைத்து, டி65 வெளிச்சத்தில் பார்த்துத்தான் நிறம் ஒப்புகிறதா என்று முடிவு செய்கிறார்கள். பனியனின் நிறத்துக்குத் தீர்ப்பு சொல்லும் வெளிச்சமும், அந்தப் பனியனின் படத்தில் வெள்ளையைத் தீர்மானிக்கும் வெளிச்சமும் ஒன்றேதான்.

அந்த வெளிச்சம் எந்த ஊர் வானத்துடையது? ஜட், மெக்ஆடம், விஸெக்கி என்ற மூவர் 1964-இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. பகல் வெளிச்சத்தை 622 முறை அளந்த பதிவுகளைக் கொண்டு அவர்கள் கணக்குப் போட்டார்கள். 249 அளவீடுகள் கனடாவின் ஒட்டாவாவிலும், 274 அமெரிக்காவின் ராச்செஸ்டரிலும், 99 இங்கிலாந்தின் என்ஃபீல்டிலும் எடுத்தவை. கொங்கு நாட்டு வெயில் அந்தக் கணக்கில் ஒரு முறைகூட இடம்பெறவில்லை. ஆனாலும் சாயப்பட்டறையும் ஸ்டூடியோவும் வாங்குபவரும் ஒரே வெள்ளையை ஒப்புக்கொண்டிருப்பதால்தான் திருப்பூர்ச் சரக்கு நிறம் மாறாமல் கடல் தாண்டுகிறது. ஆன்லைன் கடைகளும் இந்த ஒழுங்கின் மேல்தான் விதி எழுதுகின்றன. அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி 255, 255, 255 என்ற தூய வெள்ளையாக இருக்க வேண்டும், சரக்கு சட்டகத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். அங்கே யாரும் டிபிஐயைக் கேட்பதில்லை, பிக்சலை மட்டுமே எண்ணுகிறார்கள்.

கடைசிக் கட்டம் ஜேபெக். தேடலில் என்னை அதிகம் நெகிழவைத்தது இதுதான்.

ஜேபெக்கின் உயிர்நாடியான கணித முறைக்குச் சொந்தக்காரர் நசீர் அகமது. பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்து, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். படத்தை அலைகளின் கூட்டாகப் பிரித்துச் சுருக்கலாம் என்ற யோசனையுடன் 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அகமதே பின்னர் எழுதியிருக்கிறார். அவர் விடவில்லை. தன் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். ராவ் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1986-இல் அமைந்த ஜேபெக் குழு இந்த முறையை எடுத்துக்கொள்ள, 1992-இல் தரம் உறுதியானது. இன்று மூலனூரில் எடுக்கும் ஒவ்வொரு கல்யாணப் படமும் இந்த மூவரின் கணக்கு வழியாகத்தான் லேபுக்குப் போகிறது.

முறை இதுதான்: படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் கவனிக்காத நுண்ணிய ஏற்ற இறக்கங்களைக் கழித்துவிடுவது. குவாலிட்டி எண் குறையக் குறையக் கழிவு கூடும். பட்டுச்சேலையின் ஜரிகை நுணுக்கம்தான் முதலில் போகும் என்பதால் ஆல்பத்துக்கு 12 வைப்பது நியாயம். வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் நிலைமை வேறு. ஐபிபிஎஸ் கேட்பது 200×230 பிக்சல், 20 முதல் 50 கேபி. பெரிய படத்தை அப்படியே வைத்துக் குவாலிட்டியை மட்டும் இறக்கி 50 கேபிக்குள் அடைக்கப் பார்த்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். முதலில் பிக்சலைக் குறைத்துவிட்டால் மொத்தம் 46,000 பிக்சல்தான், உயர்ந்த குவாலிட்டியிலேயே அடங்கிவிடும்.

இப்போது ஸ்டூடியோக்களுக்குப் புதிதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. 2016-இல் வந்த ஐபோன் 7 முதல் ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான கலர் ஸ்பேஸில் வருகின்றன. உறவினர் எடுத்த படத்தை ஆல்பத்தில் சேர்க்கும்போது அதை எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வெர்ட் செய்ய வேண்டும். அசைன் செய்தால் எண்கள் அப்படியே இருந்து அர்த்தம் மட்டும் மாறி, கூறைப்புடவையின் சிவப்பு வெளிறிவிடும். குழாய் மானிட்டர்கள் கடைகளிலிருந்து போய் வெகுகாலம் ஆன பிறகும், ஆல்பம் லேப்களின் விதிப் பட்டியலில் எஸ்ஆர்ஜிபிதான் இருக்கிறது.