ஏரிக்கரைக்குப் போன வத்தக்குழம்பு

ஆவடியில் எங்கள் வீட்டு அடுப்படிக்கு ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். டியூப்லைட் வெளிச்சத்தில் அத்தை வைத்த வத்தக்குழம்பைப் படம் எடுத்து அனுப்பினேன். கனடாவில் இருக்கும் நாத்தனார், "அண்ணி, இது என்ன, கஷாயமா?" என்று கேட்டுவிட்டாள்.

அத்தைக்கு வயது 74. இந்த வருஷம் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. உப்பு, புளி எல்லாம் கைக்கணக்குதான். எழுதி வைத்தது ஒரு வரி கிடையாது. அதனால்தான் வாரம் ஒரு குழம்பு வைக்கச் சொல்லி, அளவைக் குறித்துக்கொண்டு, படத்தோடு நாத்தனாருக்கு அனுப்புகிறேன். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்பது படத்தில் தெரிந்தால்தானே எப்போது இறக்குவது என்று அவளுக்குப் புரியும்?

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைக்கிற 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தெரியும்தானே? 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல். அதைப் பார்க்கும்போதுதான் தோன்றியது: அவர்கள் குழம்பு அப்படித் தெரிவதற்குப் பாதிக் காரணம் மேலே இருக்கிற வானம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே குழம்பு, சோறு, சுட்ட அப்பளம் எல்லாம் தயார். ஆட்டோவில் ஏறும்போது அத்தை, "கொழம்பை ஊர் சுத்திக் காட்டவா கூட்டிட்டுப் போற?" என்றார்.

முதலில் பருத்திப்பட்டு ஏரி. ஒரு காலத்தில் சாக்கடை கலந்து கிடந்த ஏரி. சீரமைத்து, நடைபாதை போட்டு, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். ஆனால் காலையில் அங்கே நடக்கிறவர்கள் கூட்டம். அத்தனை பேர் நடுவில் கேரியரைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆட்டோவைப் பூந்தமல்லி பக்கம் விடச் சொன்னேன்.

பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்று பெயர். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். இங்கிருந்து காஞ்சி வரதருக்குப் பூ எடுத்துப் போனவர் அவர். "அவர் பூ கொண்டு போனார், நீ கொழம்பு கொண்டு போற" என்று அத்தை சிரித்தார்.

அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் செம்பரம்பாக்கம். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நிறைந்தால் 24 அடி ஆழம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னை முழுக்கப் பயத்தோடு உச்சரித்த பெயர். நாம் குடிக்கிற தண்ணீர் இது. அதனால் கரைமேல் ஏறாமல், கீழே சாலையோரம் ஒரு வேப்பமரத்தடியில் பாயை விரித்தோம். எச்சில் இலைக்குத் தனியாக ஒரு பை கொண்டுபோயிருந்தேன்.

இனி என் அனுபவப் பாடம். நேர் வெயில் ஆகாது. எண்ணெய் மேல் பளீரென்று வெள்ளைத் திட்டு விழுந்து, குழம்பின் நிறமே தெரியாது. மர நிழலில் வைத்து, ஒரு பக்கம் வானம் திறந்திருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். பாத்திரத்துக்குப் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் ஆவி தெரியும். வாழை இலை கண்ணாடி மாதிரி மினுங்கினால் கொஞ்சம் திருப்பி வைத்தால் போதும். எதிர்ப்பக்கம் இருட்டடித்தால் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்தால் சுண்டைக்காய்கூடத் தனித்தனியாகத் தெரியும். எட்டு, எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

காற்றுக்கு மட்டும் நான் தயாராகவில்லை. அப்பளம் பறந்தது. எடுக்க ஓடுவதற்குள் காக்கை முந்திக்கொண்டது. "விடு, சனிக்கிழமை வைக்க மறந்தது, இன்னைக்கு வாங்கிக்கிச்சு" என்றார் அத்தை.

வெள்ளைத் துண்டைப் பிடித்தது அவர்தான். கை நடுங்க நடுங்கக் குழம்பின் மேல் வெளிச்சமும் அசைந்தது. முப்பது படம் எடுத்து, ஒன்று தேறியது. அதன் ஓரத்தில் துண்டைப் பிடித்த இரண்டு விரலும் விழுந்திருந்தன. வெட்டிவிடலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. அப்படியே அனுப்பினேன்.

அங்கேயே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கவளம் சாப்பிட்டோம். ஆட்டோக்காரத் தம்பி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வீடு திரும்பும்போது நாத்தனாரிடமிருந்து பதில் வந்திருந்தது. குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அம்மா ஏன் இன்னும் அந்தப் பழைய மோதிரத்தையே போட்டிருக்காங்க?" என்று கேட்டிருந்தாள்.

படித்துக் காட்டினேன். அத்தை விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அடுத்த வாரம் மோர்க்கொழம்பு வைக்கவா? வெள்ளையா இருக்குமே, படத்துக்கு எடுபடுமா?" என்றார்.