இழுக்கிற வண்டியா, நிறுத்துகிற வண்டியா?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவனின் அனுபவம்)

திருவிழாவில் சீரியல் பல்பு மின்னும், ரேடியோ செட் அலறும். இவற்றுக்கெல்லாம் கரண்ட் கொடுத்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் தடதடவென்று ஓடும் ஜெனரேட்டரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு சக்கர டிரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கும் அதை அங்கே இழுத்து வருவதற்கு ஒரு வண்டி வேண்டுமே! அந்த வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? இதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பரீட்சைக்கு வராது, பயப்படாதீர்கள்!

என் மாமா சேந்தமங்கலத்தில் ரேடியோ செட், லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். கொல்லிமலை ஊர்களில்தான் அவருக்குப் பாதிப் பிழைப்பு. காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். இத்தனை நாளும் டிரெய்லரை இழுத்தது வாடகை வண்டிதான். போன ஆடியில் மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் டிரைவர் பிரேக் போட்டார். வண்டி நிற்கப் பார்த்தது, டிரெய்லர் நிற்கவில்லை! பின்னாலிருந்து தள்ளி, வண்டியின் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் சாத்திவிட்டது. உள்ளே மாமாவும், ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் பையனும் இருந்தார்கள். சுவர் இருந்ததால் இருவரும் இன்றைக்கு இருக்கிறார்கள்.

"இனி சொந்த வண்டிதான்" என்று மாமா முடிவு கட்டினார். அத்தையின் நகையை அடகு வைத்தால் நாலு லட்சம் புரளும். அதற்குள் மூன்று பழைய வண்டிகள் பார்த்து வைத்தார்கள். ஒன்று மாருதி ஆம்னி, விலை மலிவு. இரண்டாவது பழைய மஹிந்திரா டீசல் ஜீப். மூன்றாவது பொலேரோ, நாலு லட்சத்தையும் விழுங்கிவிடும்.

"டாடா ஏஸ்ல ஏத்திட்டுப் போனா முடிஞ்சுது" என்றார் டீக்கடையில் ஒருவர். மூன்று நாள் திருவிழா என்றால் ஜெனரேட்டர் மூன்று நாளும் அங்கேயே நிற்கணும். டிரெய்லர் என்றால் கொக்கியைக் கழற்றி விட்டுவிட்டு வண்டி அடுத்த வேலைக்குக் கிளம்பலாம். ஏற்றி இறக்க நாலு ஆள் கூலியும் மிச்சம். அதனால் டிரெய்லரை விடுவதாக இல்லை.

மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, டிப்ளமா படிக்கிறியே, இந்த மூணுல எது நல்லா இழுக்கும்னு சொல்லு பார்ப்போம்."

"இழுக்கிறது இருக்கட்டும் மாமா. எது நிறுத்தும்னு கேளுங்க" என்றேன்.

முதல் வேலையாக டிரெய்லரை எடை மேடையில் ஏற்றினோம். "எழுநூறு கிலோ இருக்கும்" என்பது மாமா கணக்கு. ஜெனரேட்டரோடு டீசல் கேன், கேபிள் சுருள், டூல் பாக்ஸ், இரும்புக் கம்பங்கள் எல்லாம் சேர்ந்து 1,020 கிலோ காட்டியது! எடை தெரியாமல் வண்டி தேடுவது, அளவு எடுக்காமல் சட்டை தைக்கிற மாதிரி. அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காலத்திலேயே தெரிந்த சங்கதிதானே!

அடுத்து மூன்று வண்டிகளின் ஆர்.சி. புத்தகத்தையும் பார்த்தோம். அதில் 'அன்லேடன் வெயிட்' என்று வெறும் வண்டியின் எடை இருக்கும். ஆம்னி ஏறக்குறைய 800 கிலோ, ஜீப் 1,300, பொலேரோ 1,600. டிரெய்லரை 1,000 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது நம்ம அப்ளைடு மெக்கானிக்ஸை எடுங்கள். டிரெய்லரில் பிரேக் இல்லை என்றால் மொத்த எடையையும் முன் வண்டியின் நாலு டயர்தான் நிறுத்தணும். பிரேக் எவ்வளவு அழுத்தினாலும் டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வுதான் எல்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல காய்ந்த, மட்டமான ரோட்டில் தனி வண்டி சுமார் 10 மீட்டரில் நின்றுவிடும். டிரெய்லர் மாட்டினால்? ஆம்னி 800 கிலோ உராய்வை வைத்துக்கொண்டு 1,800 கிலோவை நிறுத்தணும். 10 மீட்டர் 22 மீட்டரைத் தாண்டிவிடும். ஜீப்புக்குச் சுமார் 18, பொலேரோவுக்குச் சுமார் 16. இறக்கத்திலும் மழையிலும் இது இன்னும் கூடும். வேகம் 60 ஆனால் இரண்டேகால் மடங்கு! போன ஆடியில் அந்தத் தடுப்புச் சுவர் ஏன் தேவைப்பட்டது என்று மாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

மேல்நாடுகளில் குடும்பத்தோடு படுத்துத் தூங்குகிற சின்ன கேம்பிங் டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். அவர்களுக்கும் இதே கவலைதான். டிரெய்லரின் எடை, இழுக்கும் வண்டியின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது இங்கிலாந்தில் சொல்லும் வழக்கு. அந்தக் கணக்கில் ஆம்னிக்கு 680 கிலோ, ஜீப்புக்கு 1,105, பொலேரோவுக்கு 1,360. இன்னொன்று, அங்கே 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் இருந்தே ஆகணும்.

எஞ்சினை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 12 அடிக்கு 1 அடி ஏறும் மேட்டில் பொலேரோவும் டிரெய்லரும் சேர்ந்த 2,600 கிலோவை ஏற்ற, மேட்டுக்கு மட்டுமே 217 கிலோ இழுவிசை வேண்டும். 796 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இதற்கு ஆக்ஸிலேட்டரை மிதித்துக் கதறணும், கிளட்ச் வேகும். பெரிய டீசல் எஞ்சினோ குறைந்த சுற்றிலேயே டார்க் கொடுக்கும். பின் சக்கரம் ஓட்டும் வண்டி என்பதும் முக்கியம். கொக்கியின் மேல் விழும் பாரம் பின் சக்கரத்தை ரோட்டில் அழுத்திப் பிடிக்கும். முன் சக்கரம் ஓட்டும் காரில் அதே பாரம் முன்பக்கத்தைத் தூக்கிவிடும், ஈர மேட்டில் சக்கரம் சும்மா சுற்றும்.

ஜீப்பின் மேல் மாமாவுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் 85 சதவீதக் கணக்கில் அது நூலிழையில்தான் தேறியது, பிரேக்கும் பழசு. கடைசியில் பொலேரோவே வந்தது.

வண்டி வந்ததோடு வேலை முடியவில்லை. டீசல் கேன், கேபிள், டூல் பாக்ஸ், கம்பம் என 250 கிலோவை டிரெய்லரிலிருந்து இறக்கி வண்டிக்குள் மாற்றினோம். காசு செலவில்லாத வைத்தியம் இது! டிரெய்லர் 770, வண்டி 1,850. நிற்கும் தூரம் 16 மீட்டரிலிருந்து 14 ஆகக் குறைந்தது. ஜெனரேட்டரை அச்சுக்குச் சற்று முன்னால் நகர்த்தி, கொக்கியில் 60 கிலோ பாரம் விழும்படி வைத்தோம். மளிகைக் கடைத் தராசில் டிரெய்லரின் மூக்கை வைத்தே அதை அளந்தோம். பாரம் பின்னால் போனால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். கொக்கியைப் பம்பரில் மாட்டாமல் சேஸில் மாட்டினோம். கூடவே பாதுகாப்புச் சங்கிலி.

அப்புறம் பட்டறையில் ஓவர்ரன் பிரேக் வைத்தார்கள். முன் வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் கொக்கியை முட்டும் அல்லவா? அந்த முட்டல் ஒரு தண்டைத் தள்ளி, டிரெய்லரின் பிரேக்கைத் தானே போட வைக்கும். தள்ளுகிறவன் கையிலேயே கடிவாளம்! சட்டப்படி டிரெய்லரும் ஒரு தனி வண்டி. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்கும் ரிஜிஸ்ட்ரேஷன் உண்டு. செய்த மாற்றங்களை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பதிந்துகொண்டோம்.

முதல் தடவை மலையிறங்கும்போது நானும் கூட இருந்தேன். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று மாமா இரண்டாவதிலேயே வந்தார். எஞ்சினே பிடித்துக்கொண்டது. பிரேக் சூடேறி வழுக்கவில்லை. எழுபது வளைவு முடிந்து காரவள்ளி வந்ததும் மாமா சொன்னது ஒரே வார்த்தை: "தள்ளவே இல்லடா!"

நண்பர்களே, நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போவீர்கள், சொந்தத் தொழிலும் தொடங்குவீர்கள். 'இந்த வண்டி இழுக்குமா?' என்று பத்துப் பேர் உங்களிடம் கேட்பார்கள். மூன்று கேள்வி திருப்பிக் கேளுங்கள். பாரத்தை எடை போட்டாச்சா? வண்டியின் எடை பாரத்தைவிட அதிகமா? நிறுத்த வழி என்ன? இந்தக் கணக்குக்கு ஒரு வெள்ளைத் தாளும் கால் மணி நேரமும் போதும். ஒரு வீட்டு நகையும், அந்த வண்டிக்குள் உட்காருகிற உயிர்களும் அந்தத் தாளில்தான் இருக்கின்றன.