ஒரு ஏக்கரும் ஒரு டம்ளர் தண்ணீரும்

நீயும் உன் தோழிகளும் அறக்கட்டளை ஆரம்பிக்கப் போவதாகப் போனில் சொன்னாய். பெயர் வைத்தாகிவிட்டது, லோகோவும் தயார் என்றாய். பிறகு ஒரு படம் அனுப்பினாய்: ஏரிக்கரை, முந்நூறு மரக்கன்று, பச்சை டி-ஷர்ட் போட்ட கூட்டம், பின்னால் பேனர். நான் பதிலுக்கு, "போன வருஷம் நட்டதில் எத்தனை பிழைத்தது?" என்று ஒரு வரி எழுதினேன். அதற்கப்புறம் நான்கு நாள் உன்னிடமிருந்து பேச்சில்லை. உன் அம்மா என்னைக் கடிந்துகொண்டாள். முப்பத்தேழு வருஷம் பேங்கில் உட்கார்ந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் நிலுவைதான் முதலில் கண்ணில் படும். என்ன செய்ய?

அதனால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன், பாப்பா. தொண்டு நிறுவனங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதுவும் நான் அவற்றில் சேர்ந்து தெரிந்துகொண்டது அல்ல. எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பாக ஒரு கையெழுத்துப் போட்டுத் தெரிந்துகொண்டது.

நம் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் ஊரெல்லாம் சுற்றி, மிச்சம் மீதி இருந்தால்தான் நம் வாய்க்காலுக்கு வரும். என் அப்பாவுக்கு மூன்று வேலி நிலம். உன் கணக்கில் சொன்னால் இருபது ஏக்கர். அதில் நாற்று நட்டதும் களை எடுத்ததும் கதிர் அறுத்ததும் சேரிப் பெண்கள். கூலி நெல்லைக் கொல்லைப்புறத்தில் நின்று முந்தானையில் வாங்கிக்கொண்டு போவார்கள். அது தப்பு என்று எனக்கு அப்போது தோன்றியதேயில்லை. மழை மேலிருந்து கீழே விழுகிற மாதிரி அதுவும் ஒரு நியதி என்றுதான் நினைத்திருந்தேன்.

1968 டிசம்பர் 25. எனக்குப் பதினேழு வயது. கூலியில் கொஞ்சம் நெல் கூடக் கேட்டுச் சங்கம் வைத்த குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை உயிரோடு எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நம் ஊரிலிருந்து சைக்கிளில் போய்விடுகிற தூரம். நம் வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் செய்தி கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். போகாமல் தங்கியவர்களில் ஒரு தம்பதி: ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள். அவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், வசதியான குடும்பம். அந்த அம்மா திண்டுக்கல் பக்கம், நிலமில்லாத தலித் வீட்டில் பிறந்து பட்டம் வரை படித்தவர். நாடு விடுதலை அடைந்த பிறகுதான் கல்யாணம் என்று காத்திருந்து 1950இல் செய்துகொண்டார்கள். வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தவர்கள். பணக்காரரிடம் கேட்டு வாங்கி ஏழைக்குக் கொடுக்கிற இயக்கம் அது. அதில் வந்த நிலங்களில் கல்லும் முள்ளும் வழக்கும் நிறைய. மனசார வந்த தானத்திலும் சொத்தை இருக்கும் என்று அவர்கள் பார்த்திருந்தார்கள்.

1981இல் அவர்கள் ஆரம்பித்ததுதான் லாஃப்டி. தமிழில் உழுபவனின் நில உரிமை இயக்கம். அவர்கள் செய்த காரியத்தைக் கவனி. நிலத்தைப் பிடுங்கவும் இல்லை, இனாமாகக் கேட்கவும் இல்லை. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டதால் விற்கலாமா என்று யோசிக்கிற மிராசுதாரைத் தேடிப் போய், நியாயமான விலை பேசினார்கள். அந்த நிலத்தில் வேலை செய்கிறவர்களின் பெயருக்குப் பேங்கில் கடன் கேட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். பத்திரம் பெண்ணின் பெயரில். விளைச்சலிலிருந்து தவணை. கேட்கும்போது எளிதாக இருக்கிறது, இல்லையா? முத்திரைத்தாள் செலவு ஒரு மலை, பதிவுக் கட்டணம் இன்னொரு மலை. அதற்கு அரசாங்கத்திடம் மனுமேல் மனு போட்டு விலக்கு வாங்கவேண்டியிருந்தது. இவையெல்லாம் தாண்டி வந்தால் மூன்றாவதாக ஒரு மலை உட்கார்ந்திருக்கும். அது நான்.

நம் ஊர்ப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம், அவள் விரும்பமாட்டாள். எங்கள் வயலில் நட்டவள். அவளும் இன்னும் சில பெண்களுமாகக் கடன் மனுவோடு என் கிளைக்கு வந்தார்கள். அப்போது நான் விவசாயக் கடன் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேனா என்று இப்போது ஞாபகமில்லை. சொல்லியிருக்கமாட்டேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், வயலைப் போய்ப் பார்க்காமல், "திருப்பிச் செலுத்தும் திறன் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே வாரம் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு டிராக்டர் கடன் சிபாரிசு செய்தேன். அந்த டிராக்டர் கடன் வாராக்கடன் பட்டியலில் பல வருஷம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தது.

அந்தப் பெண்கள் திரும்ப வந்தார்கள். மறுபடியும் வந்தார்கள். கூட வந்த இயக்கத்துக்காரர்கள் ஒரு நாளும் சத்தம் போடவில்லை. நான் எந்தக் காகிதம் இல்லை என்று சொன்னேனோ அதை அடுத்த முறை கொண்டுவந்தார்கள். சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று. எனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர் கடனைக் கொடுத்தார்.

சில வருஷம் கழித்து அதே கிளைக்கு நான் மறுபடி மாற்றலாகி வந்தபோது, அவள் கடைசித் தவணை கட்ட வந்தாள். மஞ்சள் பையில் எல்லா ரசீதும் வரிசையாக, ஒன்றுகூட விடாமல். எழுதப் படிக்கத் தெரியாது. காகிதத்தின் நிறத்தையும் மடிப்பையும் வைத்து அடுக்கியிருந்தாள். "பத்திரத்த எங்கிட்டயே குடுங்க ஐயா. அவருகிட்ட குடுத்தா அடகுக்குப் போயிரும்," என்றாள். பெண் பெயரில் ஏன் எழுதினார்கள் என்பதற்கு அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நம் பக்கத்துத் தாலுகாக்களில் இப்படிப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் கைமாறியிருக்கிறது. ஒவ்வொரு ஏக்கருக்குப் பின்னாலும் இந்த மாதிரி ஒரு காகிதக் கட்டு இருக்கும் என்று யோசித்துப் பார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உன் பேனரில் "அன்பு" என்று போட்டிருக்கிறது. இருக்கட்டும். ஆனால் உங்களில் யார் ரசீது எழுதப் போகிறீர்கள்? டிரஸ்ட் பத்திரம், பான் கார்டு, வருமான வரி விலக்குப் பதிவு எல்லாம் வாங்கிவிடலாம், அது ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். மாசாமாசம் கணக்கு எழுத ஒருத்தரைச் சம்பளத்துக்கு வை. நிர்வாகச் செலவே இல்லாத நிறுவனம் என்று பெருமையடிக்கிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். கணக்கு எழுத ஆளில்லாத இடத்தில் நல்லவன்கூட நாளடைவில் குழம்பிப்போவான்.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்கே முழுசாகத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாகைக் கடலோரத்துக்கு இறால் பண்ணைகள் வந்தன. புலி இறால். கிலோவுக்கு ஏற்றுமதியில் கிடைத்த விலையைக் கேட்டு நெல்லுக்கு நாக்கு உலர்ந்தது. ஊரை விட்டு வெளியே இருந்த நிலக்காரர்களைத் தேடித்தேடிப் போய்த் தரகர்கள் விலை பேசினார்கள். 1993இல் நம் வீட்டுக்கும் வந்தார்கள். அப்பா போய்விட்டார், அண்ணன் சென்னையில், நான் மாற்றலில் மதுரையில். கடைமடையில் நெல் போட்டு என்ன கண்டோம் என்று அண்ணன் கேட்டான். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. பாகம் பிரித்துக் கையெழுத்துப் போட்டோம். என் இரண்டாவது கையெழுத்து அது. அந்தப் பணத்தில்தான் உன் அம்மாவின் கல்யாணம் நடந்தது.

பாத்தி கட்டிக் கடல் தண்ணீரை மோட்டார் போட்டு ஏற்றினார்கள். தண்ணீர் கரைக்குள்ளேயே அடங்கி நிற்குமா? பக்கவாட்டில் கசிந்தது. தீவனமும் மருந்தும் கழிவும் கலந்த தண்ணீரை வடிகாலில் திறந்துவிட்டார்கள். பக்கத்து வயலில் நாற்று நுனி கருகி வெள்ளை பூத்தது. குடிநீர்க் கிணறு கரித்தது. மீனவர்கள் கடலுக்குப் போகிற பாதையில் வேலி விழுந்தது. நெல் வயலில் நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் எத்தனை கை வேண்டும்! இறால் குட்டைக்கு ஒரு காவலாளி, தீவனம் போட இரண்டு பேர். போதும்.

நம் நிலத்தை ஒட்டியிருந்தது அவளுடைய ஒரு ஏக்கர்.

பத்து வருஷம் பாடுபட்டு நிலம் வாங்கிக் கொடுத்த இயக்கம், அந்த நிலத்துக்குள் உப்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? "நாங்கள் நில உரிமைக்காரர்கள், சுற்றுச்சூழல் வேறு துறை" என்று அவர்கள் சொல்லவில்லை. பெண்கள் குட்டைகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1994. அவருக்கு எண்பது வயது. நாக்பூரிலிருந்து நீரி என்ற ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வந்து கணக்குப் போட்டார்கள்: இறால் தரும் வரவைவிட அது உண்டாக்கும் சேதம் அதிகம் என்றது அறிக்கை. எனக்குப் புரிகிற பாஷை அது, வரவு செலவு. 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கிற பண்ணைகளை, பழைய பாரம்பரிய முறைப் பண்ணைகள் நீங்கலாக, 1997 மார்ச் 31க்குள் அப்புறப்படுத்த வேண்டும். கெடுத்தவர்களே இழப்பீடு தர வேண்டும்.

அதோடு கதை முடிந்தது என்று சினிமாவில் காட்டுவார்கள். இங்கே மறுஆய்வு மனு வந்தது, தீர்ப்பின் அமலாக்கம் நின்றது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்த வழி திறந்தது. ஜெகந்நாதன் அப்போது தொண்ணூறைத் தாண்டியிருந்தார். தோற்றார்களா, ஜெயித்தார்களா என்று என்னைக் கேட்டால் எந்தப் பக்கம் பற்று எழுதுவது, எந்தப் பக்கம் வரவு எழுதுவது என்று தெரியவில்லை. நம் ஊரில் பண்ணையை மூட வைத்தது தீர்ப்பில்லை, வெள்ளைப்புள்ளி நோய். வைரஸ் வந்து இறால் மொத்தமாகச் செத்தது. கம்பெனி இரவோடு இரவாக மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. குட்டையும் உப்பும் எங்களுக்கு மிச்சம்.

அந்தச் சட்டத்துக்கு முன்பே, 2004 டிசம்பர் 26இல் சுனாமி. அதை நீ பாடத்தில் படித்திருப்பாய். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். நான் சொல்ல வந்தது அடுத்த வாரத்தைப் பற்றி. நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாக உதவி வந்தது. சாலையோரம் பழைய துணி மலையாகக் கிடந்தது. கடற்கரை வெயிலுக்குக் கம்பளிச் சட்டை அனுப்பியிருந்தார்கள். வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர்கள் அதைக் கையால்கூடத் தொடவில்லை. அனுப்பியவர்கள் கெட்டவர்களா? இல்லை. கேட்காமல் அனுப்பியவர்கள்.

உதவ வந்த கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் கொஞ்ச நாளில் கிளம்பினார்கள். சில நிறுவனங்கள் தங்கின. வயலில் படிந்த கடல் சேற்றை வழித்தார்கள், குளம் வெட்டினார்கள், வாய்க்கால் தூர் வாரினார்கள். மழைத் தண்ணீரைத் தேக்கி உப்பைக் கழுவி வடித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்துப் பூ வைக்கிற சமயத்தில் மடக்கி உழுதார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் அதே வேலை. போட்டோ எடுக்க அதில் ஒன்றும் கிடையாது. சேறும் செடியும்தான். சுனாமி உப்போடு சேர்த்து, நம் குட்டையிலிருந்து ஏறிய உப்பும் அந்த வேலையில்தான் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த வருஷம் நான் அவளைத் தேடிப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். விற்றது நாங்கள்தான் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நான் ஆரம்பிப்பதற்குள் அவளே, "ஐயா வூட்டு நெலத்துல இப்ப கருவதான் மண்டிக் கெடக்கு," என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வயல் கரையில் நின்று சம்பாப் பயிரைக் காட்டினாள். ஒரு மூலையில் மட்டும் பயிர் குட்டையாக, திட்டுத் திட்டாக இருந்தது. நம் பக்கத்து மூலை.

அன்றிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் போகிறேன். ஐப்பசி கார்த்திகை மழை நின்று கிணறு தெளிந்த பிறகு, அவள் வாளி விட்டு இறைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி வாயில் வைத்துப் பார்ப்பாள். பிறகு துப்புவாள். சோதனைக்கூடம் வேண்டாம் அவளுக்கு. "தாகூராட்டம் தாடி வெச்சவரு ஒருத்தரு வந்து மீட்டர் வெச்சிப் பாத்தாரு, நான் சொன்னதுதான் அதுலயும் வந்துச்சு," என்று சிரித்தாள் ஒரு முறை. தாகூரை எங்கே பார்த்தாள் என்று கேட்டேன். காலண்டரில்.

பாப்பா, பொங்கலுக்கு வரும்போது அந்த ஏரிக்கரைக்குப் போய்விட்டு வா. டி-ஷர்ட் வேண்டாம், ஒரு நோட்டு போதும். அங்கே ஆடு மாடு மேய்க்கிறவர் யாராவது இருப்பார், அவரிடம் பேசு. எந்தக் கன்று ஏன் போனது என்று அவருக்குத்தான் தெரியும். அப்புறம் இருவருமாக அவள் வீட்டுக்குப் போவோம்.

போன தை மாதம் அவள் இறைத்த தண்ணீரைத் துப்பவில்லை. இரண்டாவது முறை வாயில் வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் எவர்சில்வர் டம்ளர் எடுத்துவந்து, நிரப்பி என்னிடம் நீட்டினாள். குடித்தேன். அடிநாக்கில் இன்னும் லேசாகக் கரித்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "போன வருசத்துக்கு இது தேவல," என்றாள்.