ஆளுக்கொரு அங்கி

சென்ற கோடை விடுமுறையில் மூன்று குடும்பங்களாக அல்கொன்குவின் பூங்காவுக்குப் போயிருந்தோம். றொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டம். 1893இல் ஒதுக்கப்பட்ட காடு. இன்று 7,600 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். யாழ் மாவட்டத்தைப்போல ஏழு மடங்குக்கும் மேல்.

கூடாரம் அடித்ததுமே விதிகளைச் சொன்னார்கள். கரடி வரும், சாப்பாட்டுச் சாமான்களைக் காருக்குள் பூட்டி வைக்கவேண்டும். கிடக்கிற கொப்புகளைப் பொறுக்கக்கூடாது. வீட்டு விறகோடு பூச்சிகளும் வந்து பரவுமாம், அதனால் விறகை அங்கேயே வாங்கவேண்டும். காட்டுக்குள் நின்றுகொண்டு விறகுக்குக் காசு கொடுப்பதை நினைத்துச் சிரித்தோம்.

இந்தப் பூங்காவுக்குப் பெயர் தந்த அல்கொன்குவின் மக்களே இதற்குள் வேட்டையாடத் தடைசெய்யப்பட்டிருந்த காலமும் உண்டு. சொந்த மண்ணில் பாஸ் கேட்டு நின்றவர்கள் நாங்கள். அதை வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்தநாள் கனூ ஏரிக்குப் போனோம். ஓவியர் ரொம் தொம்சன் 1917இல் இறந்தது இந்த ஏரியில்தான். வாடகை வள்ளத்தோடு உயிர்காப்பு அங்கிகளும் தந்தார்கள். வள்ளத்தில் ஆளுக்கொன்று இருந்தேயாகவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். பிள்ளைகள் துள்ளி ஏறினார்கள். மச்சாள் மட்டும் கரையிலேயே நின்றா.

"எல்லாருக்கும் இருக்கே?" என்று இரண்டு தரம் கேட்டா. எண்ணிக் காட்டிய பிறகுதான் ஏறினா.

1990களின் தொடக்கத்தில், ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டிருந்தபோது, எங்களுக்கு இருந்த வழி கிளாலிக் கடல்நீரேரி. இரவில், வெளிச்சம் இல்லாமல், ஒரு இயந்திரப் படகின் பின்னால் கட்டிய வள்ளங்களில் நெருங்கியிருந்து கடந்தோம். குழந்தைகளின் வாயைப் பொத்தினோம். கடற்படையின் சூட்டில் பலர் அந்தத் தண்ணீரிலேயே போனார்கள். அங்கி என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது.

ஏரியில் ஒரு லூன் பறவை கூவியது. பிள்ளைகள் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சாள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை. கரைக்கு வந்தபின்னும் நெடுநேரம் அங்கியைக் கழற்றவில்லை. பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள்.

அன்றிரவு நெருப்பைச் சுற்றியிருந்து கிளாலியைப் பற்றி அவர்களுக்கு முதன்முறையாகச் சொன்னோம். இத்தனை வருடம் ஏன் சொல்லாமல் இருந்தோம் என்று தெரியவில்லை. சின்னவள் கேட்டாள்: "அம்மா, உங்களுக்கு ஏன் ஒருத்தரும் அங்கி தரேல்லை?"

மச்சாள்தான் மறுமொழி சொல்லத் தொடங்கினா. காசு கொடுத்து வாங்கிய விறகு முழுவதும் எரிந்து முடியும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தா.