குழி

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் முருங்கையிலிருந்து பச்சோந்தி இறங்கியது. வயிறு முட்டைகளால் புடைத்திருந்தது. ஆரணியில் எங்கள் தெருவில் அதைக் கண்டால் கல்லெறிவார்கள், விஷம் என்பார்கள். விஷம் இல்லை. பிடித்துக் கூண்டில் வளர்க்க ஆசைதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். நாயை விரட்டிக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தேன்.

முன்கால்களால் தோண்டித் தோண்டி உடம்பு முழுவதும் குழிக்குள் போயிற்று. பிறகு உள்ளேயே திரும்பித் தலையை வெளியே வைத்துக்கொண்டது. ஒரு கண் நாயின் மேல், மற்றது என் மேல். உடம்பு கறுத்திருந்தது. பச்சோந்தி ஒளிந்துகொள்ள மட்டும் நிறம் மாற்றுவதில்லை. வெயிலுக்கும் கோபத்துக்கும் பயத்துக்கும் மாற்றுகிறது. அதன் பயம் நான்தான் என்று புரிய வெகுநேரமாயிற்று. நாயைக் கட்டிவிட்டு உள்ளே போனேன்.

அம்மா தறிக்குழியில் கால்விட்டு நெய்துகொண்டிருந்தாள். நான் பிறந்த அன்றும் சாயங்காலம்வரை அதே குழியில்தான் இருந்தாளாம். கூட யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

“யாரும் இல்ல. அதான் நல்லபடியா ஆச்சி.”

அந்தியில் பச்சோந்தி மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மரமேறிற்று. முட்டைகளைத் திரும்பிப் பார்க்க அது வராது. குஞ்சு பொரிய மாதங்கள் ஆகும். அடையாளத்துக்கு ஒரு செங்கல் வைத்தேன். ராத்திரி எழுந்துபோய் அதை எடுத்துவிட்டேன்.