சரவெடி எந்த கிளாஸ்?

இன்ஹெரிட்டன்ஸ்னாலே எல்லா புத்தகத்துலயும் விலங்கு, நாய், பூனைதான். சிவகாசிக்காரனுக்கு அது எதுக்கு? பட்டாசுக் கடை வச்சிருக்கிற மாமாவுக்கு பில் ப்ரோக்ராம் எழுத உக்காந்தப்போ எனக்கு வேற உதாரணமே தேவைப்படல.

ஜாவாவுல 'பட்டாசு'னு தாய் கிளாஸ், அதுல 'வெடி'னு ஒரு மெத்தட்னு வைங்க. எக்ஸ்டெண்ட்ஸ் போட்டா புஸ்வாணத்துக்கும் அது வந்துடும். புஸ்வாணம் வெடிச்சா கை போயிடும்! சரி, அந்த மெத்தடை காலியா ஓவர்ரைட் பண்ணலாம். கம்பைலர் வாயே திறக்காது. அது பாக்குறது பேரு, பாராமீட்டர், ரிட்டர்ன் டைப், நடத்தையை இல்ல. தாய் டைப் வர்ற இடத்துல பிள்ளை டைப்பை வச்சாலும் ப்ரோக்ராம் நடத்தை மாறக்கூடாதுன்னு பார்பரா லிஸ்கோவ் 1987லயே சொன்னது இதுக்குத்தான்.

சிக்கலே சரவெடிதான். மாமாவோட பழைய விலைப்பட்டியல்ல அதுவும் இருந்துச்சு. ஆயிரம்வாலா ஒரு வெடியா, ஆயிரம் வெடியா? சட்டத்துக்கு இதுல குழப்பம் இல்ல. 1999 விதிப்படி, 4 மீட்டர் தூரத்துல ஒற்றை வெடிக்கு வரம்பு 125 டெசிபல். சரமா கோத்தா, உள்ள இருக்கிற ஒவ்வொரு வெடிக்கும் வரம்பு 5 லாக் N குறையும். N-ங்கிறது வெடிகளோட எண்ணிக்கை. 100 வெடின்னா 115. தனியா பாஸான வெடி சரத்துல ஃபெயிலாகலாம். அந்த 125-ஐ வாரிசா வாங்கி வச்சுக்க முடியாது, எண்ணித்தான் கணக்குப் போடணும்.

2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சரவெடியையே தடை பண்ணிடுச்சு. (சரம் பின்னி சாப்பிட்ட வீடுகளை எந்த கிளாஸ்ல போடுறதுன்னு எனக்குத் தெரியல.) இப்போ 'ஒற்றைவெடி'யை எக்ஸ்டெண்ட் பண்ணி 'சரவெடி' எழுதியிருந்தா, ஒற்றைவெடி மட்டும் வாங்குற பில் ஃபங்ஷன் சரவெடியையும் சத்தமில்லாம வாங்கிக்கும். டைப் சிஸ்டத்துக்கு அது சரி. மாமாவுக்கு லைசென்ஸ் பிரச்சினை.

எக்ஸ்டெண்ட்ஸ் போட்டா கோடும் டைப் உறவும் ஒட்டியே வருது, அதான் காரணம். 2009ல வந்த கோ மொழி ரெண்டையும் பிரிச்சிடுச்சு. பேரு, விலை வச்ச 'சரக்கு' ஸ்ட்ரக்டை ரெண்டுலயும் எம்பெட் பண்ணலாம், மெத்தட் இலவசமா வரும். சரவெடிக்குள்ள ஒற்றைவெடிகளோட ஸ்லைஸ். ஆனா ஒற்றைவெடி கேக்குற இடத்துல சரவெடியைக் கொடுத்தா கம்பைல் ஆகாது. ஜாவாவுலயும் இப்படிப் பிரிச்சு எழுதலாம்தான். இங்க வேற வழியே கிடையாது.

பேரியம் தடையும் அதே தீர்ப்புதான். மத்தாப்பு, புஸ்வாணம்னு எந்தக் கிளையிலயும் பேரியம் வரலாம். அதனால 'மருந்து' தனி ஃபீல்டு.

கோவுல ஒரு வில்லங்கம் உண்டு. 'சரக்கு' மெத்தட் ஒண்ணு விலையைக் கூப்பிட்டா, சரக்கோட விலைதான் வரும். வெளிய இருக்கிற சரவெடியோட விலை மெத்தடை அது எட்டிக்கூடப் பாக்காது. அதனால கிஃப்ட் பாக்ஸ் மொத்தத்தை இன்டர்ஃபேஸ் வழியாத்தான் கூட்டுறேன்.